கேக்காத தம்பி, கவுன்சில் பாவம்

நீ செய்யிறது சரி தம்பி. வேலையில மணித்தியாலத்தை அரைவாசியாக் குறைச்சிட்டாங்கள், வீட்டுக்காரன் வாடகையைக் கூட்டிப்போட்டான், கவுன்சில் ராக்ஸ் நினைவூட்டல் கடிதம் மேசையில கிடக்கு. எண்டாலும் பெனிபிற்றுக்குப் போடமாட்டன் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறாய். எங்கட ஆக்களின்ர குணம் அது. கடன் வாங்கியாவது கலியாண வீட்டுக்கு என்வலப்பில காசு வைப்பம், அரசாங்கத்திட்ட மட்டும் கை நீட்டமாட்டம். உன்ர கௌரவத்தால மிச்சம் கவுன்சிலுக்குத்தான். அவையும் பாவங்கள், வைச்சிருக்கட்டும்.

உன்ர சம்பளத்தில வரியையும் நஷனல் இன்சூரன்ஸையும் வெட்டேக்கை அவைக்கு வெக்கம் வந்ததோ? வரேல்லை. ஆனா நீ வெக்கப்படு. ஆராவது ஒருத்தர் வெக்கப்படத்தானே வேணும்.

தப்பித் தவறிப் போடுறதெண்டால், ஒரே போர்மில எல்லாம் முடியும் எண்டு நம்பிப்போடு. அப்பிடித்தான் கனபேர் நம்பி இருக்கினம். முந்தி வாடகைக்கு ஹவுசிங் பெனிபிற், ராக்ஸுக்குக் கவுன்சில் ராக்ஸ் பெனிபிற், ரெண்டையும் கவுன்சில் கந்தோரிலயே கேக்கலாம். 2013 ஏப்ரலோட ராக்ஸ் பெனிபிற்றை நிப்பாட்டி, இங்கிலாந்தில ஒவ்வொரு கவுன்சிலும் தன்பாட்டுக்கு ஒரு திட்டம் வைக்கட்டும் எண்டு விட்டிட்டினம். வேலை செய்யிற வயசுக்காரருக்கு வாடகை உதவி இப்ப யுனிவேர்சல் கிறெடிற்றுக்குள்ள. ராக்ஸ் அதுக்குள்ள இல்லை. அதைக் 'கவுன்சில் ராக்ஸ் றிடக்‌ஷன்' எண்டு கவுன்சிலிட்டத் தனியாக் கேக்கோணும். யுனிவேர்சல் கிறெடிற்றைப் போட்டிட்டு நிம்மதியா நித்திரை கொள்ளுற ஆளின்ர கதவிலதான் ராக்ஸ் பாக்கிக்கு வந்து தட்டுவினம். றோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கவுன்சில், அந்தப் பக்கம் வேறை கவுன்சில் எண்டால், ஒரே சம்பளத்துக்கே கழிவு வேறை வேறை. பென்ஷன் வயசுக்காரருக்கு மட்டும் ஒரே சட்டம், ஹவுசிங் பெனிபிற்றும் இன்னும் கவுன்சிலிட்டத்தான். கிழவனாப் போறதிலயும் ஒரு சுகம் இருக்கு, பாத்தியோ.

இந்த ராக்ஸ் வந்த கதை தெரியுமோ? மார்கரெட் தட்சர் அம்மா தலைக்கு இவ்வளவு எண்டு போல் ராக்ஸ் போட்டா. 1990 மார்ச் 31, ட்ரஃபால்கர் சதுக்கத்தில பெரிய கலவரம். நவம்பரில அம்மாவே பதவியை விட்டிட்டா. 1993இல கவுன்சில் ராக்ஸ் வந்தது. வீட்டுக்கு என்ன விலை போட்டவை? 1991 ஏப்ரல் முதலாந்திகதி விலை. முட்டாள்கள் தினத்திலதான் நாள் குறிச்சிருக்கினம். இங்கிலாந்தில இண்டைக்கும் அதே கணக்குத்தான். அந்த விலைப்படி நாற்பதாயிரம் பவுண்ஸுக்கு மேல போகாத வீடு 'ஏ', மூண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல போனது 'எச்'. விலையில எட்டு மடங்குக்கு மேல வித்தியாசம், ராக்ஸில மூண்டு மடங்குதான். மாளிகையில இருக்கிறவர் அதைக் கேட்டு வாங்கேல்லை, அவருக்குத் தானா வந்து சேர்ந்தது. நீ மட்டும் கேக்கவே கூசிறாய்.

வாடகை முழுக்கத் தருவினம் எண்டும் துள்ளாத. நீ இருக்கிறது பிறைவேற் வீடு. உன்ர பகுதியில, உனக்கு வேண்டிய அளவில பத்து வீட்டை வாடகைப்படி வரிசையா நிப்பாட்டினா, மலிவான மூண்டுக்கு எவ்வளவு வருமோ அதைப் பாத்துத்தான் உச்ச வரம்பு. 2020இல கூட்டின அந்த வரம்பைப் பேந்து 2024 ஏப்ரல் வரைக்கும் அசைக்கேல்லை. வீட்டுக்காரர் இடையில சும்மா இருந்தவையோ? முதல் காசு வரவும் கிட்டத்தட்ட அஞ்சு கிழமை செல்லும். போர்ம் அனுப்பின நாளில இருந்துதான் சாதாரணமாக் கணக்கு. அதால நல்லா யோசி, இன்னும் ரெண்டு மாசம் யோசி.

கையிருப்பு பதினாறாயிரம் பவுண்ஸுக்கு மேல எண்டால் யுனிவேர்சல் கிறெடிற் கிடையாது. கொடிகாமத்துத் தென்னங்காணி உன்ர பேரில இருந்தா அதையும் சொல்லோணும். தேங்காய்க்கு இங்கிலீசு தெரியாது எண்டு மறைக்காத. மனிசியின்ர கழுத்தில காலங்காலமாக் கிடக்கிற கொடியைக் கணக்கில எடுக்கமாட்டினம். ஆனா காசைக் குறைச்சுக் காட்ட இப்ப ஓடிப்போய்க் காப்பு வாங்கினா அது வேறை கதை.

இன்னொரு கெட்டித்தனம் இருக்கு, எங்கட ஆக்களுக்கு நல்லாப் பிடிக்கும். வீட்டில ஒராள்தான் எண்டால் ராக்ஸில 25 வீதம் கழிவு. உடனை புருசனைத் துரத்தினதா எழுதிப்போடுவினம். அவரோ பின்வளவில கத்தரிக்கண்டுக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிப்பார். கவுன்சில் கழிவு வாங்கிறவையின்ர பட்டியலையும் வாக்காளர் பட்டியலையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கும் தம்பி. வோட்டுப் போட மட்டும் புருசன் திரும்பி வந்தவர் எண்டு சொல்லேலாது.

மேல்மாடிப் பெடியனுக்கு உந்தப் புத்தி சொல்லிப்போடாத. ஸ்ருடன்ற் விசாவில வந்தவன், பெனிபிற் கேட்டால் விசாவுக்கே ஆபத்து. அந்த வீட்டில இருக்கிற பெடியள் எல்லாரும் முழுநேரப் படிப்பெண்டால் ராக்ஸே இல்லை, அதை மட்டும் சொல்லிவிடு.

வேண்டாமெண்டு கடிதம் வந்தா, திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்க யுனிவேர்சல் கிறெடிற்றில ஒரு மாசம் இருக்கு. இங்கிலீசு கஷ்டமெண்டால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் இருக்கு. சரி, வாடகை ஒப்பந்தத்தையும் சம்பளத் துண்டையும் எடுத்துக்கொண்டு வா. தேத்தண்ணி நான் போடுறன். பாஸ்வேர்ட் என்னெண்டு என்னைக் கேளாத, உன்ர மோளிட்டக் கேள்.