பள்ளிக்கூடத்துப் பேரு கெட்டுடும்

மே 16 காலை ஏழரை மணிக்கு மலேசியப் பள்ளிக்கூடங்களில் நெறி பிறக்கிறது. ஆசிரியர்கள் சபைகூடலில் வரிசையாக நின்று வலக்கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்கிறார்கள். பாட்டுப் பாடுகிறார்கள். கேக் வெட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பில் தலைக்குப் பத்து வெள்ளி வசூலித்து வாங்கிய ஹாம்பர் மேடை ஏறுகிறது. 1956இல் இதே தேதியில்தான் ரசாக் கல்வி அறிக்கையை அன்றைய சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆசிரியர் தினத்துக்கு இந்தத் தேதி கிடைத்தது அப்படி. மதியம் இரண்டு மணிக்குள் நாற்காலிகளை அடுக்கி, நெறியையும் மடித்து ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அடுத்த மே வரைக்கும் பத்திரமாக இருக்கும். கறையான்கூட அண்டாது.

இந்த லட்சணத்தில், "ஆசிரியர்களுக்கென்று ஒரு தொழில்நெறி வேண்டும்" என்று அவ்வப்போது யாராவது மைக்கைப் பிடித்து முழங்குகிறார்கள். ஐயா, இருக்கிறதைப் படித்தீர்களா? மாணவர், பெற்றோர், சமூகமும் நாடும், சக ஆசிரியரும் தொழிலும் என்று நான்கு கடமைகளைப் பிரித்துப் பிரித்து எழுதிய தத்தாசுசிலா என்னும் நெறிமுறை நம்மிடம் எப்போதிருந்தோ இருக்கிறது. 2009இல் மலேசிய ஆசிரியர் தரம் என்று இன்னொரு புத்தகம் வந்தது. அதிலும் முதல் தரமே நற்பண்புதான். அரசாங்க ஊழியர் என்பதால் 1993ஆம் ஆண்டின் நடத்தை, கட்டொழுங்கு விதிகள் வேறு. எச்சரிக்கையில் தொடங்கிப் பதவிநீக்கம் வரை தண்டனைகளைப் படிப்படியாக அடுக்கி வைத்திருக்கிறது. நெறிப் பஞ்சம் இந்த நாட்டில் என்றுமே வந்ததில்லை.

தத்தாசுசிலாவை எழுதிய புண்ணியவான்களைக் குறை சொல்ல வாய் வராது. பிள்ளையின் நலனும் பாதுகாப்பும்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது என்று முதலிலேயே போட்டிருக்கிறார்கள். இனம், மதம், வசதி பார்த்துப் பிள்ளையை நடத்தக்கூடாது. பெற்றோரின் பணத்துக்கும் அந்தஸ்துக்கும் மயங்கக்கூடாது. வீட்டுச் சங்கதியை நம்பிச் சொன்னால் அது வெளியே கசியக்கூடாது. தன் வகுப்பில், தான் எடுக்கும் பாடத்தில் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் காசு வாங்கக்கூடாது. கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள். படித்துவிட்டு, சாயங்காலம் டியூஷன் வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்திருக்கும் அப்பன்மாரிடம் போய்ச் சொல்லுங்கள். சிரித்தே செத்துப்போவார்கள்.

அதே நெறிமுறையில், ஆசிரியத் தொழிலின் நல்ல பெயருக்குக் களங்கம் வராமல் எந்நேரமும் தன்னைக் கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. மற்ற வரிகள் எல்லாம் மே மாதத்து வரிகள். இது ஒன்றுதான் ஆண்டு முழுக்க ஓவர்டைம் பார்க்கிறது. களங்கம் வருகிற காரியத்தைச் செய்யாதே என்பது அதன் பொருள். நம்மவர்கள் அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்துகொண்டார்கள்: செய்ததை வெளியே விடாதே.

இந்த ஒரு வரி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு தலைமையாசிரியர் அறைக்குள் போக வேண்டும். எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், எங்கள் ஊர் சிலிபினில் இல்லை. மூன்றாம் வகுப்புப் பையனின் தொடையில் ரோத்தான் பிரம்பின் தடம் தடித்து நிற்கிறது. தொழிற்சாலை ஷிப்டை விட்டுவிட்டு வந்த தாய் கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டுகிறார்.

"ஐயா, கொஞ்சம் பாருங்க, எப்படி வீங்கியிருக்குன்னு."

"பார்த்தேம்மா. டீச்சரும் பாவம், டென்ஷன்ல இருந்திருக்காங்க. பெருசு பண்ணாதீங்க. இது நம்ம தமிழ்ப்பள்ளிம்மா. வெளிய தெரிஞ்சா யாரு பிள்ளைய அனுப்புவாங்க? பேரு கெட்டுடும்ல?"

"போலீஸ் ரிப்போர்ட் போடலாமான்னு அவரு கேக்குறாரு..."

"போடுங்க, உங்க உரிமை. ஆனா பையன் இன்னும் மூணு வருஷம் இங்கதான படிக்கணும்?"

கடைசி வாக்கியத்தில் மிரட்டல் இருந்தது என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. அக்கறையாகத்தான் சொன்னார். தேத்தண்ணிகூட வரவழைத்துக் கொடுத்தார். 1959ஆம் ஆண்டுக் கட்டொழுங்கு விதிப்படி பிரம்பெடுக்கத் தலைமையாசிரியருக்கோ அவர் பொறுப்புக் கொடுத்தவருக்கோதான் அதிகாரம் உண்டு, உள்ளங்கையிலும் பின்புறத்தில் உடைக்கு மேலும்தான் அடிக்கலாம் என்பதெல்லாம் அந்தத் தாய்க்குத் தெரியாது. தெரிந்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

தமிழ்ப்பள்ளி என்பதால் இந்த நல்ல பெயர் வியாபாரத்தில் நமக்கு இரட்டைப் பூட்டு. பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்த பிறகும் தோட்டத்துப் பெயரைச் சுமந்துகொண்டு நிற்பவை பல. பிள்ளை எண்ணிக்கை சரிந்துகொண்டே இருக்கிறது. "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று பதாகை பிடித்து வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். பிடிக்க வேண்டியதுதான், நானும் பிடித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதாகையைச் சுருட்டி ஒரு பிள்ளையின் வாயில் திணிக்கிறார்களே, அதற்கா பிடித்தோம்?

ஆத்திரப்பட்டுப் புகார் கடைசிவரை போய்விட்டது என்று வையுங்கள். அப்போது நெறிமுறையில் எங்கேயும் எழுதாத மகா பிரம்மாஸ்திரம் வருகிறது: மாற்றல். ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போகிறார். கோப்பு மூடப்படுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் நெஞ்சை நிமிர்த்தி "நடவடிக்கை எடுத்தாச்சு" என்கிறார். அழுகிய மீனை அடுத்த வீட்டு வாசலில் கொட்டிவிட்டுத் தெருவைச் சுத்தம் செய்தேன் என்கிற கதை. புதுப் பள்ளியில் மாலை போட்டு வரவேற்பார்கள். அங்குள்ள பிள்ளைகளுக்குத் தொடை கிடையாதா, நரம்பு கிடையாதா என்று மாற்றல் கடிதத்தில் யாரும் குறிப்பிடுவதில்லை.

தமிழ்ப்பள்ளியை மட்டும் திட்டுகிறேன் என்று சீறுகிறவர்களுக்காக மற்ற பள்ளிகளையும் பார்ப்போம். 2018 ஜனவரியில் நிபோங் திபாலில் ஓர் ஆசிரியரின் கைப்பேசியைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட 13 வயதுத் தமிழ்ப் பெண்பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிப்ரவரி முதல் நாள் இறந்துபோனாள். கொதித்தோம், மெழுகுவத்தி ஏற்றினோம், ஓய்ந்தோம். 2021இல் சிலாங்கூர், புஞ்சாக் ஆலமில் 17 வயது மாணவி, வகுப்பில் ஆசிரியர் வன்புணர்வை வைத்து நகைச்சுவை செய்தார் என்று டிக்டாக்கில் சொன்னாள். ஆசிரியருக்கு என்ன ஆயிற்று? மாற்றல்தான், சந்தேகமென்ன. மாணவிக்கு? பள்ளிக்கு வரவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம்.

பள்ளிக்கு வராததை இவ்வளவு கண்டிப்போடு பார்க்கும் நாட்டில்தான் கோத்தா பெலுட் கதையும் நடந்தது. சபாவின் தாவுன் கூசி இடைநிலைப்பள்ளியில் 2017இல் ஆங்கில ஆசிரியர் மாதக்கணக்கில் வகுப்புக்கு வரவில்லை என்று மூன்று மாணவிகள் வழக்குப் போட்டார்கள். ஆசிரியர் மேல் மட்டுமல்ல, முதல்வர், கல்வி அதிகாரிகள், அமைச்சர், அரசாங்கம் என்று மேலே வரைக்கும். கோத்தா கினபாலு உயர்நீதிமன்றம் 2023 ஜூலையில் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி 150,000 ரிங்கிட் இழப்பீடும் கொடுத்தது. கல்விச் சட்டப்படியான கடமை மீறப்பட்டது, பிள்ளைகளின் அரசியலமைப்பு உரிமையும் மீறப்பட்டது என்றது. மாணவி வராவிட்டால் உடனே கடிதம், வாத்தியார் வராவிட்டால் ஆறு வருஷம் கழித்துத் தீர்ப்பு. அத்தனை மாதமும் அந்தப் பள்ளியில் வேறு யாருமே இல்லையா? பக்கத்து வகுப்பில் சத்தம் கேட்கவில்லையா? கேட்டிருக்கும். சக ஆசிரியரின் பெயர் கெட்டுவிடுமே.

2014ஐ நாம் மறந்துவிட்டோம், அந்த வருஷத்துப் பிள்ளைகள் மறக்கவில்லை. ஆறாம் வகுப்பு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் ஆங்கில, அறிவியல் தாள்கள் கசிந்தன. செப்டம்பர் கடைசியில் மறுதேர்வு. அதற்குள் கணிதத்திலும் தமிழிலும் கசிவு என்று சொல்லி அக்டோபரில் இன்னொரு மறுதேர்வு. கசியவிட்டவர்கள் பெரியவர்கள். பென்சிலைச் சீவிக்கொண்டு திரும்பப் போய் உட்கார்ந்தவர்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். தமிழ்த்தாளே கசிந்தபோது எந்தத் தமிழ் அமைப்பும் தமிழுக்கு நேர்ந்த அவமானம் என்று ஊர்வலம் போனதாக நினைவில்லை.

சிலிபின் லூர்து மாதா கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் எங்களுடையது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் இங்கே நிறைய. வாத்தியார் தெருவில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் முன்னால், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வை என்று துரைமாரைக் கட்டாயப்படுத்தியபோது அவர்கள் ஒரு கொட்டகையைக் காட்டி, கணக்கெழுதும் கிராணியையோ கங்காணியையோ பாடம் நடத்தச் சொன்னார்கள். அந்தக் கிராணிக்கு நெறிமுறைப் புத்தகம் கிடையாது, பயிற்சிக் கல்லூரி கிடையாது, ஆசிரியர் தினமும் கிடையாது. தவறு செய்தால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல அவருக்கு நியாயம் இருந்தது. இன்றைக்குப் பட்டமும் பென்ஷனும் மூன்று தொகுப்பு விதிகளும் வைத்திருப்பவர் அதே வார்த்தையைச் சொல்கிறார்.

சட்டத்தில் பல்லில்லை என்றும் சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம் ஆசிரியரையும் விடுதிக் காப்பாளரையும் நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் என்று தனியாகப் பெயர் சொல்கிறது. அவர் குற்றம் செய்தால் வழக்கமான தண்டனையோடு இன்னும் 5 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. ஆம், வாத்தியாருக்கே ரோத்தான். தெரிந்தும் புகார் செய்யாமல் இருந்தவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். "நம்ம பள்ளி, நம்ம இனம்" என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் புகாரைக் கரைப்பவர்கள் இந்தத் தொகையை அறைச் சுவரில் எழுதி மாட்டிக்கொள்வது நல்லது. நற்பெயரின் சந்தை விலை அதுதான்.

சொந்தக் காசில் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்து, வகுப்பு மின்விசிறியைத் தானே ஏணி போட்டுச் சரிசெய்து, காசு வாங்காமல் சனிக்கிழமையும் வந்து உட்காரும் ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அப்படி ஒருவர்தான். புகாரைக் கரைக்கும் கும்பல் அவர்கள் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறது. ஒருவரைக் கேள்வி கேட்டால் "ஆசிரியர் சமுதாயத்தையே இழிவுபடுத்துகிறார்" என்று கூச்சல் போடுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஏணி போட்டு ஏறுகிற ஆசிரியர் ஒருநாளும் அந்தக் கூச்சலில் சேரமாட்டார்.

அமைச்சுக்கு என் தாழ்மையான யோசனை: புதிதாக நெறிமுறை எதுவும் எழுதிக் காகிதத்தை வீணாக்க வேண்டாம். இருப்பதிலேயே நடைமுறையில் இல்லாத வரிகளை எல்லாம் அடித்துவிட்டு, நல்ல பெயர் வரியை மட்டும் விட்டுவையுங்கள். மே 16 உறுதிமொழியும் சுருங்கிவிடும், வெயிலில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நிம்மதி. தனி டியூஷனுக்கு ஒரு கட்டணப் பட்டியலை வகுப்பு வாசலிலேயே ஒட்டிவிடுங்கள்: வகுப்பில் பாதிப் பாடம் இலவசம், மீதி மாலையில். மாற்றலை விருது ஆக்கி மேடையிலேயே கொடுத்துவிடுங்கள், ஹாம்பரும் மிச்சம்.

இதற்கெல்லாம் மனசு ஒப்பவில்லை என்றால் பெற்றோர் ஒரு காரியம் செய்யலாம். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில், கணக்கறிக்கை வாசித்து முடித்து மீ கோரிங் பொட்டலத்துக்கு எல்லாரும் எழுந்திருக்கும் முன்னால் கையைத் தூக்குங்கள். கடந்த ஆண்டு ஆசிரியர்கள் மேல் எத்தனை புகார் வந்தது, ஒவ்வொன்றுக்கும் என்ன முடிவு, எத்தனை பேர் மாற்றலாகிப் போனார்கள், எந்தப் பள்ளிக்கு, ஏன் என்று கேளுங்கள். அறிக்கையில் பதிவு செய்யச் சொல்லுங்கள். "இது இங்க பேசுற விஷயமில்லீங்க" என்பார் தலைவர். சரி, எங்கே பேசுவது என்று கேட்டு, அந்த விலாசத்தை அவர் கையெழுத்திலேயே எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் உதவி எண்ணான 15999க்கு அங்கேயே, எல்லார் முன்னாலும், ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள்.