வயிறூதிய சண்டைமீன்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியைச் சிறப்பாகக் கொண்ட ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம், போத்தலில் வளரும் ஃபைட்டர் மீனுக்கு வயிறு ஊதினால் என்ன செய்யலாம் என்று அறிதல். ஆய்வின் எல்லை, உட்துறைமுக வீதியில் தொடங்கித் திருக்கடலூர்க் கரையில் முடிகிறது, அதற்கப்பால் வெயில். ஆய்வின் தேவை பற்றியும் ஒரு பந்தி எழுதுவது மரபு. அந்தப் பந்தியில் உண்மை எழுதிய ஆய்வாளர் எவரையும் யாம் இதுவரை கண்டதில்லை என்பதால் அதைத் தவிர்க்கிறோம்.

முன்னாய்வுகள்: தாய்லாந்துப் பக்கத்து மீனாகிய இதற்கு 1849 இல் தியோடர் கன்டர் ஒரு பெயரிட்டார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு மீனுக்கு உரியது என்று கண்ட சார்ள்ஸ் டேற் ரீகன், 1910 இல் 'பெட்டா ஸ்பிளென்டென்ஸ்' என்று மாற்றினார். ஆக, 61 ஆண்டுகள் இம்மீன் அடுத்தவன் பெயரில் சண்டை பிடித்திருக்கிறது. பெயர் விவகாரம் தீர்ந்தது. வயிற்று விவகாரம் நிலுவையில் உள்ளது.

களம்: உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று வாசலில் கிடக்க, இம்மீன் ஹோர்லிக்ஸ் போத்தலில் குடியிருக்கிறது. செவுளுக்கு மேலே இதற்கென்று ஓர் உறுப்பு உண்டு. அதனால் மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கிக்கொள்ளும். கோணேசர் மலைக்கு அப்பால் ஆழ்கடலில் நீலத்திமிங்கிலமும் மூச்சுக்கு மேலேதான் வருகிறது. திமிங்கிலத்தைப் பார்க்க வெள்ளைக்காரர் படகுக்குக் காசு கட்டுகிறார்கள். இதைப் பார்க்க அடுத்த வீட்டு மாமி சும்மா வருகிறார். இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் கலாநிதிப் பட்டத்துக்குப் போதும். இதைவிடச் சிறியதற்கும் கொடுத்திருக்கிறார்கள்.

வீக்கம் நால்வகைப்படும். முதலாவது, தானாக ஊதுவது: பேத்தை மீன். தொட்டால் ஊதும், விட்டால் வடியும், நோயன்று, சுபாவம். கடலிலும் கருத்தரங்குகளிலும் காணலாம். இரண்டாவது, முட்டை தாங்கிய பெண் மீன், வாழ்த்திவிட்டு நகர்க. மூன்றாவது, தின்று ஊதுவது. இதற்குப் பின்னர் வருவோம்.

நான்காவது மகோதரம். இது விளையாட்டில்லை. பெரும்பாலும் கிருமித் தொற்றால் சிறுநீரகம் கைவிட, உடம்பில் நீர் தேங்கி, செதில்கள் வெளிப்புறமாகக் கிளம்பி நிற்கும். அந்நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. ஆகவே போத்தலின் மூடியைத் திறந்து மேலிருந்து பார்த்து, செதில் உடம்போடு படிந்திருக்கிறதா, கிளம்பியிருக்கிறதா என்று முதலில் தெளிய வேண்டும். இங்கேதான் பெருஞ்சிக்கல். மேல்நாட்டுக் கைநூல்கள், மீன் 'பைன் மரத்துக் காய் போல' இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகின்றன. திருகோணமலையில் பைன் காய்க்கு எங்கே போவது? பஸ் பிடித்துக் கண்டிக்குப் போய், அங்கிருந்து நுவரெலியாவுக்கு ஏறி, ஒரு காயைப் பொறுக்கிக்கொண்டு திரும்பும்போது, மீன் ஒப்பீடு எதுவும் தேவைப்படாத நிலையை அடைந்திருக்கும்.

உள்ளூர்ப் பதிலி ஒன்று தேவை என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. எது என்பதில் மூன்று கட்சி. அன்னாசியே பொருத்தம் என்பது ஒரு கட்சி (அடுத்த வீட்டு மாமி, வாய்மொழி, வேலிக்கு மேலாக, முதற் பதிப்பு). அன்னாசிக் கண்கள் செதில்போல் நுனி கிளம்பி நிற்பதில்லை; ஆகவே அன்னமுன்னாப் பழமே சரி என்பது மறுப்பு (மேலது, திருத்திய பதிப்பு, அன்று மாலை). அன்னமுன்னாவுக்கு நுனியே கிடையாதே என்று வினவியபோது கிடைத்த விளக்கம் தனி நூலாக விரியத்தக்கது (மேலது, தொகுதி 2, 'உலை கொதிக்கையில் கூறியவை', மருமகளின் உரையுடன், மாமியை மருமகள் மறுக்கும் பகுதிகள் குடும்ப நலன் கருதி நீக்கப்பட்ட பதிப்பு). மூன்றாவது கட்சி, கச்சான் காற்றில் ஓடு கிளம்பிய கூரையைப் பார் என்கிறது (கூரை வேலைக்கு வந்தவர், ஏணியின் ஐந்தாம் படி, கிழக்குமுகப் பாடம், மூன்றாம் படியில் நின்று சொன்னதாகவும் ஒரு பாடபேதம் உண்டு, அது இடைச்செருகல்). இதற்கிடையே மீனை யாரும் பார்க்கவில்லை. எமது மீனின் செதில் மழமழவென்று படிந்தே இருந்தது.

எனவே மூன்றாவது வகை. உலர் குருணை தண்ணீரில் ஊறிப் பருக்கும். வயிற்றுக்குள் போனபின் ஊறினால் வயிறு பருக்கும். இதன் வயிறு இதன் கண்ணளவுதான் என்பது வளர்ப்போர் வாக்கு. குளிர்ந்த நீரில் சமிபாடு மந்தமாகும் என்ற கொள்கையும் உண்டு. கச்சான் வீசும் திருகோணமலையில் அதை எடுத்தால் சிரிப்பார்கள்.

சிகிச்சை: இரண்டொரு நாள் பட்டினி. அவ்வளவுதான். ஆயினும் ஒரு வரியில் முடிந்தால் அது ஆய்வாகாது.

பட்டாணி: அவித்து, தோலுரித்து, கடுகளவு கிள்ளிக் கொடுக்கச் சொல்வார்கள். இது தங்கமீன் வளர்ப்போரின் வைத்தியம். சண்டைமீனோ பூச்சி தின்னும் சாதி. பட்டாணியை வாயில் எடுத்துத் துப்பும். தண்ணீர்த் தெள்ளு கொடுப்பது மேல். நுளம்புக் குடம்பியும் நல்லதே. ஆனால் வீட்டில் குடம்பி வளர விடுவது 2007 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பி.எச்.ஐ. ஐயாவிடம் 'இது மீனுக்குப் பத்தியம்' என்று சொல்லிப் பார்க்க விரும்புவோர் முன்வரலாம்.

பேதியுப்பு: மக்னீசியம் சல்பேற்று. கறியுப்பு வேறு, கடல்நீர் வேறு. இந்த உப்பைப் பற்றி 1695 இல் நெகெமியா குரூ என்ற ஆங்கிலேயர் லத்தீனில் தனி நூலே எழுதியிருக்கிறார். பேதிக்கு அந்தப் பெருமை அன்றே வாய்த்துவிட்டது. கரைத்த நீரில் மீனைச் சற்று நேரம் விட்டால் குடல் தளரும், வீக்கம் வடியும். நாலு லீற்றருக்குத் தேக்கரண்டியா, மேசைக்கரண்டியா என்பதில் கைநூல்கள் மீனைவிட மூர்க்கமாகச் சண்டை பிடிக்கின்றன. குறைந்ததில் தொடங்குவதே புத்தி.

கள ஆய்வு: திருக்கடலூரில் வலை பொத்திக்கொண்டிருந்த சம்மாட்டியார் ஒருவரிடம் போத்தலை நீட்டினோம். வெயிலுக்கு எதிரே பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி, மீனுக்கு வைத்தியமோ? நாங்கள் வெட்டித்தான் வயித்தைப் பாக்கிறது" என்றார். இது அறுவைச் சிகிச்சைப் பள்ளி.

பட்டினிக்குத் தடை மீனல்ல, வீடு. கண்ணாடியருகே விரல் போனதும் அது வாலை ஆட்டி வரும். அம்மம்மா, "பாவம், வாயில்லாச் சீவன்" என்று யாரும் பார்க்காதபோது நாலு குருணை போடுவார். நோய்க்கு மூலகாரணமே அந்த வாய்தான் என்ற எமது முடிபு அவரிடம் எடுபடவில்லை. தம்பி தன் பங்குக்கு இரண்டு. 'நான் போடேல்லை' என்று தங்கச்சி கேளாமலே சொன்னாள். இதை முதன்மை ஆதாரமாகக் கொள்கிறோம்.

போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய பிறகே பட்டினி பலித்தது. நோன்பு முடிந்த காலையில் போத்தலின் அடியில் கபில நிற நூல்போல ஒன்று சுருண்டு கிடந்தது, வயிறு வற்றியிருந்தது. பேதியுப்பு தன்னுடையது என்று மாமியும், வேண்டுதல் தன்னுடையது என்று அம்மம்மாவும் உரிமை கோருகின்றனர். போத்தலைக் கண்ணாலும் காணாத பெரியப்பா, குடும்பத்தில் மூத்தவர் என்ற வகையில், தன் பெயரே முதலில் வரவேண்டும் என்கிறார். பல்கலைக்கழக வழக்கமும் அதுவே என்பதால் எமக்கு ஆட்சேபமில்லை.