முகமூடியின் பரப்பளவு குறித்து ஓர் ஆய்வு

இவ்வாய்வு எடுத்துக்கொண்ட பொருள், சூப்பர் ஹீரோ தொலைக்காட்சித் தொடர்களில் முகமூடி எத்தனை விரற்கடை முகத்தை மறைக்கிறது, மறைத்து என்ன சாதிக்கிறது என்பதாம். அண்டங்கள் மோதுவதும் காலம் பின்னோக்கி ஓடுவதும் ஆய்வின் எல்லைக்குள் வாரா. அவற்றையெல்லாம் முணுமுணுக்காமல் ஏற்கும் பார்வையாளர், ஒரு மூக்குக்கண்ணாடியில் வந்துதான் முரண்டு பிடிக்கிறார்.

ஆகவே மூக்குக்கண்ணாடி முதலில். 'சூப்பர்கேர்ள்' (2015–2021) தொடரில் காரா டான்வர்ஸ் கண்ணாடி போட்டால் அலுவலகப் பெண், கழற்றினால் வானில் பறப்பவர். உயிர்த்தோழி லீனா லூதர் பெரிய விஞ்ஞானி. இரண்டாம் சீசனில் வந்த அவருக்கு, நான்காம் சீசன் முடிவில் அண்ணன் லெக்ஸ் சொன்ன பிறகே விஷயம் தெரிகிறது. கன்னத்தில் மரு ஒட்டியதும் வில்லன் கூட்டமே கதாநாயகனை மறந்துபோவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் முதலாளியம்மா கேட் கிராண்ட் முதல் சீசனிலேயே சந்தேகப்பட்டுக் கண்ணாடியைக் கழற்றச் சொல்கிறார். உருமாறத் தெரிந்த செவ்வாய்க் கிரகவாசியை சூப்பர்கேர்ளாக்கிப் பக்கத்தில் நிறுத்தித்தான் அவரைச் சமாளிக்க வேண்டியிருந்தது. 'ஃபிளாஷ்' (2014–2023) தொடரின் ஐரிஸோ, ஃபிளாஷாகிய பாரி ஆலனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர். முகத்தை அதிர வைத்துக்கொண்டு பாரி எதிரே நின்றால் ஐரிஸுக்கு ஆள் தெரியாது. இவற்றால் பெறப்படும் விதி: உறவு நெருங்க நெருங்கப் பார்வை மங்கும், சம்பளம் கொடுப்பவர் கண்ணுக்கு மட்டும் எதுவும் தப்பாது.

அற்றேல், ஆளை மறைக்காத முகமூடி எதற்கு எனின், அது மறைப்பது வேறொரு ஆளை என்க. 'டேர்டெவில்' (2015) நாயகர் மாட் மர்டாக்குக்குக் கண் தெரியாது. முதலில் அவர் கட்டிய கறுப்புத் துணியும் கண்ணைத்தான் மூடுகிறது. இரண்டாம் பகுதியின் புகழ்பெற்ற நடைக்கூடச் சண்டை ஒரே ஷாட் போல ஓடுகையில், சார்லி காக்ஸ் போய் டூப் வருவதற்கு அந்தத் துணியே துணை. 'மாண்டலோரியன்' (2019) சூப்பர் ஹீரோ தொடரல்ல எனினும், இதில் இன்னும் ஒரு படி மேல். தலைக்கவசத்துக்குள் பெத்ரோ பாஸ்கல் குரல் மட்டும் இருக்க, நடையைப் பல காட்சிகளில் நடந்தவர் ஜான் வெய்னின் பேரன் பிரெண்டன் வெய்ன். பாஸ்கலின் முகத்தைக் காண எட்டாம் பகுதிவரை காத்திருக்க வேண்டும். அப்படியும் அந்தக் கவசம் லேசாகத் தலை சாய்ப்பதில் உள்ள நடிப்பு, முழு முகமும் காட்டும் பலரிடம் இல்லை என்பது இவ்வாய்வாளரின் தாழ்மையான, ஆனால் மாற்றிக்கொள்ளும் உத்தேசமில்லாத கருத்து.

எஞ்சியது கண்ணோரச் சாயம். 'ஆரோ' தொடரில் ஆலிவர் குவீன், 'ஃபிளாஷ்' தொடங்குமுன்பே இங்கே வந்த பாரி ஆலன் 2013 டிசம்பரில் முகமூடி பரிசளிக்கும்வரை, கண்ணைச் சுற்றிப் பச்சை பூசிக்கொண்டு சமாளித்தார். துப்பறியும் அதிகாரி லான்ஸ் எதிரே நின்று பேசியும் அவருக்கு அது யாரென்று தெரியவில்லை. வீடு திரும்புமுன் அந்தச் சாயத்தை எங்கே, எதைப் போட்டுக் கழுவினார் என்பது தனி முனைவர் பட்டத்துக்குரிய வினா.

இதே கண்ணோரத்தை 'வாட்ச்மென்' (2019) எடுத்தாண்ட விதம் வேறு. ஆறாம் பகுதியில், 1938இன் நியூயார்க்கில் வில் ரீவ்ஸ் என்ற கறுப்பினப் போலீஸ்காரர், சக போலீஸ்காரர்கள் தம்மைத் தூக்கிலிட்டு மிரட்டியபோது தலையில் மாட்டிய துணியையே முகமூடியாக்கிக்கொள்கிறார். கண்துளை வழியே தெரியும் தோலுக்கு வெள்ளை பூசுகிறார். குண்டர்களை அடித்துக் காப்பாற்றுபவர் வெள்ளையர் என்று ஊர் நம்பினால்தான் அவரைக் கொண்டாடும் என்பது மனைவி ஜூன் சொன்ன யோசனை. ஒரு விரற்கடைச் சாயத்துக்கு இத்தனை காரணம் வைத்த தொடர் வேறொன்றும் இவ்வாய்வாளர் கண்ணில் படவில்லை. 'ஆரோ'வில் ஏன் பச்சை என்று கேட்டால், சட்டை பச்சை என்பார்கள்.