தாத்தா வேஷம் பொருந்தாத கடைக்காரர்

தமிழில் எழுதுகிற ஆள் என்றால் கடைசியில் கையில் ஒரு கோலோடு நிற்க வேண்டும் என்று நாம் ரொம்ப காலத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டோம். முதல் பலி ஔவையார்.

சங்ககால ஔவையை நினைத்துப் பாருங்கள். அதியமானோடு உட்கார்ந்து கள் குடித்தவள். தொண்டைமானிடம் தூது போய், அவனுடைய ஆயுத சாலையைப் பார்த்துப் பாராட்டுகிற சாக்கில் அவனையே கிண்டலடித்துவிட்டு வந்தவள். அதியமான் நீண்ட ஆயுளுக்கான நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் அவளுக்குக் கொடுத்தான்; அந்தக் காலத்து ஆன்ட்டி-ஏஜிங் மாத்திரை. அதைத் தின்றவளுக்குத்தான் நாம் நரை வைத்து, கூன் வைத்து, கோல் கொடுத்தோம்!

பின்னால் வந்த ஔவைகளையெல்லாம் ஒரே பாட்டிக்குள் அடைத்தோம். கல்யாணத்திலிருந்து தப்பிக்க அவளே பிள்ளையாரிடம் கிழத்தனம் கேட்டு வாங்கினாள் என்று கதையும் கட்டினோம். அப்புறம் ஜெமினி ஸ்டுடியோவின் ஔவையார் படமும் வந்தது. 1953-ல் அந்தப் பாட்டியாக வந்து நாட்டையே கும்பிட வைத்த கே.பி. சுந்தராம்பாளுக்கு அப்போது 45 வயதுகூட நிரம்பவில்லை.

இனி, அந்தக் கோல் பொருந்தாத ஒருவரைப் பார்க்கத் திருவனந்தபுரம் சாலைக்கு வாருங்கள். கிழக்கே கோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் பக்கம் போய் முடிகிற கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் போட்டது என்பார்கள். அதற்கும் முன்னால் முதலாம் ராஜராஜன் வந்து காந்தளூர்ச் சாலையில் எதையோ உடைத்துவிட்டுப் போனான். அந்தச் சாலை இங்கே பக்கத்து வலியசாலைதான் என்பது பலருடைய கட்சி. உடைத்தது கப்பலையா, சோற்றுப் பாத்திரத்தையா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பாத்திரம்தான் என்றால் ஆயிரம் வருஷம் கழித்து ஒரு மனுஷன் அதே வட்டாரத்தில் பாத்திரக் கடை வைத்து நஷ்டத்தை ஈடு கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர்தான் ஆ. மாதவன். 1934-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழைத் தானாகவே கற்றுக்கொண்டார். கடையின் பெயர் செல்வி ஸ்டோர்ஸ். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். தெருவோ சுமைதூக்கி, திருடன், சட்டம்பி என்கிற ரௌடி, தெருநாய் என்று எதையும் மறைக்காமல் காட்டியது. அவர் பாட்டுக்கு எழுதினார். 1974-லேயே ‘புனலும் மணலும்’ நாவல் வந்துவிட்டது. அப்போது வயது 40. சரி, விருது?

அவசரப்படாதீர்கள். விஷ்ணுபுரம் விருது என்று ஒன்று தொடங்கி, முதல் ஆளாக அவரைக் கூப்பிட்டபோது 2010 ஆகிவிட்டது. வயது 76. சாகித்ய அகாடமி கதவைத் திறந்தது 2015-ல். வயது 81. எந்த நாவலுக்கு என்று ஆர்வமாகக் கேட்பீர்கள். நாவலுக்கு இல்லை சார், ‘இலக்கியச் சுவடுகள்’ என்ற கட்டுரைத் தொகுப்புக்கு!

காரணம் இருக்கிறது. அகாடமி விதிப்படி, கடந்த சில வருஷங்களுக்குள் முதன்முறையாக அச்சேறிய புத்தகம்தான் போட்டியில் நிற்க முடியும். ஒருவர் நாற்பதில் எழுதியதை நாம் எண்பதில் கண்டுபிடித்தால் அது காலாவதி சரக்கு. மாதவன் விற்ற எவர்சில்வர் தூக்குக்குக்கூட எக்ஸ்பயரி டேட் கிடையாது.

எழுதுகிறவரை வயதை வைத்து எடைபோடுவது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. கிரேக்கத்தில் சோஃபக்ளீஸ் கிழவனாகியும் நாடகம் எழுதிக்கொண்டே இருந்தார், சொத்தைக் கவனிக்கவில்லை. ‘அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்று பிள்ளைகளே கோர்ட்டுக்கு இழுத்தார்களாம். சிசரோ சொல்கிற கதை. கிழவர் வக்கீல் வைக்கவில்லை. அப்போதுதான் எழுதி முடித்திருந்த நாடகத்தை எடுத்து வாசித்துக் காட்டி, ‘இது புத்தி கெட்டவன் எழுதினதா?’ என்று கேட்டார். கேஸ் தள்ளுபடி. இலக்கியக் கூட்டத்தில் பொறுமையாக உட்கார்ந்து கேட்கும் நீதிபதிகள் அந்தக் காலத்தில் இருந்திருக்கிறார்கள்.

மறுபடி மாதவனின் ஊருக்கே வருவோம். அதே திருவனந்தபுரத்தில் நீல. பத்மநாபன். மின்வாரிய இன்ஜினியர். முப்பது வயதில், 1968-ல், ‘தலைமுறைகள்’ எழுதினார். அதில் உண்ணாமலை ஆச்சி பேசுவதைக் கேட்டால் எழுதியவருக்குக் குறைந்தது எண்பது இருக்கும் என்று தோன்றும். அகாடமி அசரவில்லை. 2007-ல் முதுமையைப் பற்றியே ‘இலையுதிர் காலம்’ என்று எழுதியதற்குத்தான் கொடுத்தது. வயதுக்கேற்ற டாபிக்!

நகுலன் இந்த ஆட்டத்துக்கே வரவில்லை. இங்கிலீஷ் வாத்தியார். முதல் நாவல் ‘நிழல்கள்’ 1965-ல் வரும்போது வயது 44. இன்றைக்கென்றால் ‘இளம் எழுத்தாளர்’ பரிசுக்கு அப்ளிகேஷனே தர மாட்டார்கள். ‘வாக்குமூலம்’ 1992-ல் வரும்போது 71. வயதானால் காதல் விட்டுவிடும் என்பது பொதுக் கருத்து. இவர் வாழ்க்கையில் கடைசிவரை பிரம்மச்சாரி, எழுத்தில் சுசீலா என்ற பெண்ணை விட்ட பாடில்லை.

ஆனாலும் வயதைக் கும்பிடுகிற இந்த விஷயத்தில் பெரிய போக்கிரி நம் பாத்திரக் கடைக்காரர்தான். விருது வந்ததும் பெரியவர், மூத்தவர், வணக்கத்துக்குரியவர் என்று மாலை போட்டார்கள். ஆனால் மாலை போட்டவர்களில் எத்தனை பேர் அவருடைய ‘கிருஷ்ணப் பருந்து’ நாவலைப் படித்திருந்தார்களோ! அதில் ஒரு குருஸ்வாமி வருகிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், ஒதுங்கி வாழ்கிறார், புத்தகம், அமைதி, சாந்தமான முகம். சுற்றியிருக்கிறவர்களுக்கு அவர் ‘சாமியப்பா’. கும்பிடுகிறார்கள், நம்பி வருகிறார்கள். சாமியப்பாவின் மனசோ மெதுவாக நகர்ந்து, பால்காரன் வேலப்பனின் பெண்டாட்டி ராணி பக்கம் போய் நிற்கிறது.

மாதவன் இதில் கண்ணடிப்பதும் இல்லை, கண்டிப்பதும் இல்லை. சாமான் எடுக்க வந்தவருக்கு அளவு சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். படித்து முடித்த கையோடு கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கும் எந்தப் பெரியவர் காலிலும் சட்டென்று விழ உங்களுக்கு மனசு வராது.