தறியடியில் ஒரு மேலாண்மை வகுப்பு

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். அப்பா பட்டு நெசவாளர். பொறியியல் மேலாண்மையில் மேற்படிப்புக்குப் போகிறேன் என்றால், “இன்ஜினீயருக்கு எதுக்குடா மேனேஜர் படிப்பு?” என்கிறார் மாமா. என்ன சொல்வது?
– வாசகர், ஓரிக்கை

பதில்: மாமாவைக் கையோடு தறிக்கு அழைத்துப் போங்கள். கோர்வைப் புடவைக்கு உடலுக்கொரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒரு பக்கத்து நாடாவைப் போட உதவிக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். அவருக்குக் காய்ச்சல் என்றால் தறி நின்றது. சாயப்பட்டு வரத் தாமதமா, அன்றும் நின்றது. தறியில் ஒரு பழுதும் இல்லை! ஆள், சரக்கு, நாள், பணம் நாலையும் அறுந்துபோகாமல் ஓட்டுவதுதான் அந்தப் படிப்பு. அப்பா பட்டம் வாங்காமலே அதில் கைதேர்ந்தவர்.

எங்கே படிப்பது? மும்பையில் 1963-இல் தொழிற்பொறியியலுக்கென்றே தொடங்கிய நிட்டி (NITIE) நிறுவனம், 2023 முதல் ஐ.ஐ.எம். மும்பை. அதற்கும் சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.பி.ஏ.வுக்கும் கேட் (CAT) தேர்வு. அண்ணா பல்கலைக்கழக எம்.பி.ஏ.வுக்கு டான்செட். என்னைக் கேட்டால், முதலில் இரண்டு வருடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதாவது ஓர் ஆலையில் ஷிப்ட் பாருங்கள். ஷிப்ட் மாறும் நேரத்து நெரிசலைப் பார்த்தவனுக்கு வகுப்பில் பாதி பாடம் சட்டென்று புரியும்.

படிப்பில் வரும் ப்ராஜெக்டுக்கு ஊர் ஊராக அலைய வேண்டாம். ஒரு புடவை இறங்குவதற்குள் தறி எத்தனை நாள், எதனால் சும்மா நின்றது? இன்றைக்கே அப்பாவிடம் கேட்டு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள்.