கதை சொல்வதும் கதை விடுவதும்

தொண்டு நிறுவனத்துக்குக் கதை சொல்லத் தெரிய வேண்டும். கதை சொல்வதற்கும் கதை விடுவதற்கும் உள்ள தூரத்தைச் சிங்கப்பூர் 2005இல் ஒரு குழாயை வைத்து அளந்தது. தேசியச் சிறுநீரக அறநிறுவனம் தொலைக்காட்சியில் நோயாளிகளின் கண்ணீரையும் நட்சத்திரங்களின் சாகசங்களையும் காட்டி நன்கொடை திரட்டிவந்தது. தலைமை நிர்வாகி டி.டி. துரையின் அலுவலகக் கழிவறையில் தங்கமுலாம் பூசிய குழாய் பொருத்தப்பட்ட கதை நாளிதழில் வந்தது. அவர் வழக்குத் தொடுத்தார். விசாரணையின் இரண்டாம் நாளே கைவிட்டார். அதற்குள் அவருடைய ஆண்டு வருமானம் சுமார் 6,00,000 வெள்ளி என்பது வெளியாகிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் மாத நன்கொடையை நிறுத்தினர். கண்ணீர்க் கதைகள் எதுவும் அந்தக் குழாயின் கதையளவுக்கு ஊரில் பரவவில்லை.

அதே சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்திலும் கதைக்குப் பஞ்சமில்லை. டுரியான் கடை, கோயில், சிவப்பு விளக்கு எல்லாம் அடுத்தடுத்த லோரோங் எனும் சந்துகளில். அங்கே வளர்ந்த சாய் யின்சோ 2014இல் ‘கேலாங் அட்வென்சர்ஸ்’ என்ற நடைச்சுற்றுலாவைத் தொடங்கினார். வந்தவர்கள் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் வாழ்க்கையைக் கேட்டார்கள். பிறகு பின்சந்தில் அதே தொழிலாளர்களுக்குத் தொண்டூழியர்கள் இலவசமாக முடிவெட்டத் தொடங்கினர். நன்கொடையாளர் எட்டிப்பார்க்க அங்கே கழிவறை இல்லை, கத்தரி மட்டும்தான்.