ஒரு கொசுவுக்கு ஓர் அணா

கம்பெனிக்காரர் ஆய்வு ஒப்பந்தத்தை நீட்டியதும் பேராசிரியர் செய்யவேண்டிய முதல் காரியம், கடைசிப் பக்கத்தைத் திருப்புவது. கையெழுத்துப் போடும் இடம் அங்கேதான் இருக்கிறது. நடுவில் கிடக்கும் 22 பக்கங்கள் வக்கீல்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுவதற்காக எழுதியவை.

படித்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர்கள் ஹைதராபாத் பக்கத்துத் திருமுல்கேரிக்கு வாருங்கள். மதராஸ் பட்டாளத்தோடு வந்து கன்டோன்மென்ட்டிலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. நான் 30 வருஷம் பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் கோப்பு தள்ளியவன். ஓர் இரானி சாயாவும் இரண்டு உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கித் தந்தால், எந்த ஷரத்து எங்கே கடிக்கும் என்று காட்டுகிறேன்.

கடி என்றதும் பக்கத்துப் பேகம்பேட்டைதான் ஞாபகம் வருகிறது. 1897 ஆகஸ்டில் ராணுவ டாக்டர் ரொனால்ட் ராஸ் அங்கே ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளியைக் கொசுக்களுக்கு விருந்தாக்கினார். ரத்தம் குடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. தவணை கிடையாது, யு.சி. என்ற செலவுச் சான்றிதழ் கிடையாது, ஆடிட்டரும் கிடையாது. ஆகஸ்ட் 20 அன்று ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி தட்டுப்பட்டது. 1902இல் நோபல் பரிசு ராஸுக்குப் போனது. ஹுசேன் கானின் பங்கு அணாவோடு சரி. ஆகவே நீங்களும் அவரைப் போல அறிவுசார் சொத்துரிமை ஷரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்; நிம்மதியாக இருக்கும்.

நிம்மதியாக இருந்த ஒருவர் எனக்குத் தெரியும். தண்ணீர் வடிகட்டும் சவ்வில் பத்து வருஷம் உழைத்தவர். 14ஆம் பக்கத்தில் ‘இந்தத் திட்டத்தில் உருவானவை’ என்று நாங்கள் எழுதி அனுப்பியது, ‘இந்தத் திட்டத்தோடு தொடர்புடையவை’ என்று திரும்பி வந்தது. இரண்டே சொல். அவர் கவனிக்கவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் கவனிக்கவில்லை. திட்டத்துக்கு முந்தைய பத்து வருஷமும் ‘தொடர்புடையவை’க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய மாணவி ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைப் புதிதாக ஆரம்பித்தாள். கையெழுத்துக்கு முன்பே உங்களிடம் இருந்ததைத் தனிப் பட்டியலாக இணைத்திருந்தால் இந்தச் சுவாரசியம் எதுவும் நடந்திருக்காது.

கட்டுரை வெளியிட ‘எழுத்துபூர்வ முன் அனுமதி’ வேண்டும் என்றால் சந்தோஷமாக ஒத்துக்கொள்ளுங்கள். அனுமதி வரும், மாணவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு வரும். ‘30 நாளுக்குள் பதில் இல்லையென்றால் சம்மதம்’ என்று ஒரு வரி கேட்பதற்கு உங்களுக்கென்ன அவ்வளவு அவசரம்?

மேற்பார்வைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்காதீர்கள். பழைய கதை ஒன்று: மயக்க மருந்தான குளோரோஃபார்மில் மூச்சுதான் முதலில் நிற்கும், இதயம் அல்ல என்று ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் எட்வர்ட் லாரி 1888இல் ஒரு கமிஷன் வைத்துச் சொன்னார். லண்டன் மருத்துவ இதழ் ‘லான்செட்’ நம்பவில்லை. ஆறாம் நிஜாம் 1,000 பவுன் கொடுத்து, உங்கள் ஆளையே அனுப்பிச் சோதியுங்கள் என்றார். 1889இல் ‘லான்செட்’ சார்பில் லாடர் பிரன்டன் வந்தார், இரண்டாவது கமிஷன் கூடியது. நூற்றுக்கணக்கான மிருகங்கள் மேல் சோதனை நடந்தது. சந்தேகத்தோடு வந்தவர் லாரி கட்சிக்கே மாறினார். பணம் கொடுத்தவர் மறுதரப்பையே ஆளனுப்பச் சொன்ன ஒப்பந்தம் இன்றைக்கும் அபூர்வம்தான். ஆனால் அந்தக் கமிஷனில் லாரியும் உட்கார்ந்திருந்தார். 1911இல் கூட்மன் லெவி, லேசான குளோரோஃபார்மிலேயே இதயம் தடுமாறி நிற்கும் என்று பூனைகளில் காட்டினார். நிஜாம் அந்த வருஷமே காலமாகிவிட்டார். யாரும் பவுனைத் திருப்பிக் கேட்கவில்லை.

வரி விஷயம் சுருக்கமாக. 2024இல் டெல்லி ஐ.ஐ.டி.க்கு ஆய்வு மானியங்களுக்காக 120 கோடி ரூபாய் ஜி.எஸ்.டி. நோட்டீஸ் போனது. பெரிய கூச்சல் எழுந்து, அந்த அக்டோபரில் மானிய ஆய்வுக்கு விலக்கு வந்தது. கன்சல்டன்ஸிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. அதனால் தலைப்பில் ‘மானியம்’ என்றும் உள்ளே ‘கன்சல்டன்ஸி’ என்றும் மாற்றி மாற்றி எழுதிவையுங்கள். ஆடிட்டருக்கும் பொழுது போகவேண்டாமா?

‘ஓவர்ஹெட் எதற்கு?’ என்று கம்பெனி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளுங்கள். கரண்ட் பில், வாட்ச்மேன், லேப் கூரை, என் சம்பளம் என்றெல்லாம் சொன்னால் அவர்கள் மனம் புண்படும்.

கடைசி ஷரத்து: தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் விசாரணை. ஊர் பார்த்த மாதிரியும் ஆயிற்று, செலவு பல்கலைக்கழகத்தோடது. நான் ஒருமுறை அதை அடித்துவிட்டு ‘ஹைதராபாத்’ என்று பென்சிலால் எழுதி அனுப்பினேன். அடித்தால் கம்பெனி ஓடிவிடும் என்று மூன்று நாள் தூங்காமல் இருந்தார் பேராசிரியர். நாலாம் நாள் பதில் வந்தது: ‘சரி.’ அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

சாயா ஆறுகிறது. செலவைக் கன்டின்ஜென்சியில் போட்டுக்கொள்ளுங்கள். பில் வாங்க மறக்காதீர்கள்.